காசில் ஒட்டியிருந்த காற்று

சேலையூர் முழுக்க டீ கொடுத்த என் மச்சான் தேவராஜுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாசம் ஆகிறது. இத்தனை நாளாக ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாசம் மட்டும்தான் என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். "இன்னா மாப்ள, வேல எதுனா கீதா?" என்று கேட்பாய். ஆமாம், வேலை இருக்கிறது. ஒரு பொய்யை இறக்கி வைக்க வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஊரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வருகிற சனிக்கிழமை எங்கள் பள்ளியில் இந்த வட்டாரத்து அறிவியல் ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி. அதில் பத்து ரூபாய் காசு சோதனையை நான் செய்துகாட்ட வேண்டுமாம். தலைமை ஆசிரியை கொடுத்த தாளில் அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'குமரேசன் சார் முறை'. யார் முறை அது என்று உனக்கும் எனக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். சனிக்கிழமையும் வாயை மூடிக்கொண்டு நின்றால், அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் எனக்குச் சொல்லத் துணிச்சல் வராது.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. உன் தங்கை மல்லிகாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. கடையை உன் வீட்டுக்காரி செல்வி அக்காதான் பார்த்துக்கொள்கிறார். உன்னைவிட நன்றாகவே டீ போடுகிறார் என்று ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள், வருத்தப்படாதே. மழைநீர்க் கால்வாய் தோண்டுகிறோம் என்று வாசல் பெஞ்சை எடுத்துப் போட்டார்கள், கால்வாயும் முடியவில்லை, பெஞ்சும் திரும்பவில்லை. முக்கால்வாசிப் பேர் போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு பெட்டி கத்துகிறது. நீ இருந்திருந்தால் அந்தப் பெட்டியோடும் சண்டை போட்டிருப்பாய்.

இப்போது அந்தக் காசு விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து ரூபாய் காசைக் கண்டால் நம் பக்கத்தில் எல்லோரும் பாம்பைக் கண்டமாதிரி கையை இழுத்துக்கொண்ட காலம் அது. பேங்கில் செல்லும் என்றார்கள், பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தார், காய்கறிக் கடையில் "நோட்டா குடுங்க" என்றார்கள். யார் கிளப்பிவிட்டது, எப்போது கிளப்பிவிட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் உன் கட்சி தனிக் கட்சி. காசில் ரேகைமாதிரி கோடுகள் இருக்கும் அல்லவா, அதை எண்ணுவாய். பத்துக் கோடு இருந்தால் ஒரிஜினல், பதினைந்து இருந்தால் டூப்ளிகேட். சொன்னது யார் என்று கேட்டால், "அல்லாரும்தான் சொல்றாங்க" என்பாய். இரண்டும் அரசாங்கம் அடித்ததுதான், வேறு வேறு வருஷத்து அச்சு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாய். இவ்வளவுக்கும் ஏமாந்து வாங்கிய காசுகளையெல்லாம் பிஸ்கெட் ஜாடி ஒன்றில் போட்டு வைத்திருந்தாய், தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

அப்போதுதான் மகேஸ்வரி வந்தாள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. குடிசைகளைக் காலிசெய்து அரசாங்கம் கொண்டுவந்து குடிவைத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு. அம்மா கிழக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவர், போகிற வழியில் இருக்கிறதே என்று மகளை எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தார். ஒரு சாயங்காலம் உன் கடையில் பன் வாங்கிவிட்டு அவள் நீட்டியது ஒரு பத்து ரூபாய் காசு. நீ கோடு எண்ணினாய். பதினைந்து. அத்தோடு விட்டிருக்கலாம். "பெரும்பாக்கத்துலேந்து கெளம்பி வந்து இங்க கள்ளக் காசு மாத்திகினு கீறீங்களா?" என்று ஆறேழு பிள்ளைகள் நிற்கும்போது கேட்டுவிட்டாய். அவள் பன்னை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் அவள் பெயர் மகேஸ்வரி இல்லை, கள்ளக்காசு. நம் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைக்க யாரும் சொல்லித்தர வேண்டுமா? நான் அன்று மாலை கடைக்கு வந்து உன்னோடு போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். "டீ ஆத்துற கையால புள்ளைங்க பேரக் கெடுக்காத" என்றேன். நீ எனக்கு டீ போட்டுக் கொடுத்தாய். சர்க்கரை அதிகம். சண்டைக்கு அப்புறம் நீ போடும் டீயில் எப்போதும் சர்க்கரை அதிகமாக இருக்கும்.

அந்த வாரம் நான் நடத்திக்கொண்டிருந்தது அடர்த்தி. ஒரே அளவுள்ள இரும்பும் கட்டையும் ஏன் ஒரே எடையில் இல்லை என்று ஆரம்பித்து, ஒவ்வொரு உலோகத்துக்கும் சொந்தமாக ஓர் அடர்த்தி உண்டு என்று முடித்தேன். நாலு நாளாக வாயே திறக்காத மகேஸ்வரி எழுந்து நின்றாள். "சார், அப்போ என் காசு போலியா இல்லையான்னு பாத்துடலாமா?" வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. பார்த்துவிடலாம் என்றேன். கூடவே, குற்றம் சாட்டியவனும் நேரில் இருக்கட்டும் என்று உன்னையும் வரச் சொன்னேன். நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

நீ வந்தாய் மச்சான். என் கல்யாணத்துக்குப் போட்ட அந்த ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிஸ்கெட் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று காசுகளையெல்லாம் பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுக் கழுவி வைத்திருந்தாய். கடைசி பெஞ்சில் உன் தொப்பை மேசைக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அதுவே பாதி சந்தோஷம்.

முதலில் அளவு சிலிண்டரில் தண்ணீர் ஊற்றி ஒரு காசைப் போட்டோம். தண்ணீர் ஏறியதா இல்லையா என்றே தெரியவில்லை. இருபது காசை மொத்தமாகப் போட்டு வகுத்துக்கொள்ளலாம் என்றேன். "இருபதுல ஒண்ணு மட்டும் போலின்னா அதுல கரைஞ்சு போயிடுமே சார்" என்றாள் மகேஸ்வரி. சரிதானே. அதனால் பிளஸ் டூ ஆய்வகத்திலிருந்து எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்தேன். பீக்கரில் தண்ணீரை ஊற்றித் தராசின்மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுகிற கிராம் என்னவோ, அதுதான் காசு தள்ளிய தண்ணீர், ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி என்பதால் அதுதான் காசின் கன அளவு. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. கள்ளனால் எடையைச் சரிக்கட்ட முடியும், அடர்த்தியைச் சரிக்கட்டுவது கஷ்டம் என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தேன்.

உன் ஜாடிக் காசுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பத்துக் கோடு, அடர்த்தி எட்டே கால். பதினைந்துக் கோடு, அதுவும் எட்டே கால். கொஞ்சம் முன்னேபின்னே போனாலும் எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவிலேயே எல்லாம் நின்றன. உன் கட்சி காசுக்குக் காசு தோற்றுக்கொண்டிருந்தது. நீ முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய், அப்புறம் சுவாரசியம் வந்து பெஞ்சிலிருந்து கழன்று முன்னால் வந்துவிட்டாய். நூல் கட்டிக்கூடக் கொடுத்தாய். அந்த ஒரு மணி நேரத்தில் உன் முகத்தைப் பார்த்தபோது, இந்த ஆள் படித்திருந்தால் என் வேலை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக மகேஸ்வரியின் காசு. அன்றைக்கு நீ திருப்பிக் கொடுத்த அதே காசை அவள் செலவு பண்ணாமல் வைத்திருந்தாள். எடை எல்லாக் காசையும் போலவே இருந்தது. தண்ணீரில் இறக்கினேன். தராசைப் படித்தேன், வகுத்தேன். ஏழே கால்தான் வந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். ஒரு முறை அளந்ததை நம்பாதே என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவன் நான். ஆனால் மணியடிக்கப் போகிறது, நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள், எண் கைக்கு வந்துவிட்டது. கரும்பலகையில் ஏழே கால் என்று எழுதி, பக்கத்தில் 'போலி' என்றும் எழுதினேன். வாயாலும் சொன்னேன். "இது போலிக் காசுதான்." பின்பெஞ்சில் யாரோ விசிலடித்தார்கள். மகேஸ்வரி அழவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீ ஜெயித்த நேரம் அது. மேசையைத் தட்டிக் கொண்டாடுவாய் என்று நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. நீயோ குனிந்து பீக்கருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் என் காதோரம் வந்தாய்.

"மாப்ள, அடியில பாரு. காத்து ஒட்டிகினு கீது. எண்ணெ டம்ளர பக்கெட்டுல போட்டா இப்டித்தான் முட்ட முட்டயா புடிச்சுக்கும். இது பஜ்ஜிக் கட காசு, எண்ணெப் பிசுக்கு. காசோட சேந்து அந்தக் காத்தும் தண்ணியத் தள்ளுது இல்ல? கணக்கு தப்பா வருது."

குனிந்து பார்த்தேன். காசின் அடிப்பக்கத்தில் விளிம்புக்குள்ளே தட்டையாக ஒரு பெரிய குமிழி, பக்கத்தில் குட்டி குட்டியாக நாலைந்து. கண்ணிருந்தும் நான் பார்க்காதது.

மச்சான், இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நொடியில் எனக்கு வந்தது நன்றி இல்லை, எரிச்சல். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு டீக்கடைக்காரர் திருத்தி நான் அழிக்க வேண்டுமா என்று தோன்றியது. பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், ஆனால் நினைத்தேன். ஒரு பெண்ணின் பெயர் அங்கே தொங்கிக்கொண்டிருக்க, நான் என் பெயரைப் பற்றி யோசித்தேன்.

அது உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் செய்தாயா? நிமிர்ந்து, வகுப்புக்கே கேட்கிறமாதிரி சொன்னாய். "சார் இன்னாவோ கண்டுபுடிச்சுட்டாரு. காசக் கழுவிட்டு இன்னொரு தபா பாக்கணுமாம்."

நீயே குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டு, டம்ளர் விளக்குகிற கையால் அந்தக் காசை விளக்கினாய். திரும்பத் தண்ணீரில் இறக்கி, நூலை ஒரு சுண்டு சுண்டினேன். குமிழி இல்லை. எட்டே கால் வந்தது. நான் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, எண்ணெயும் காற்றும் எப்படிக் கணக்கைக் கெடுக்கும் என்று எனக்கு முதலிலிருந்தே தெரிந்தமாதிரி விளக்கினேன். பிள்ளைகள் எனக்குக் கைதட்டினார்கள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

நீ என்ன செய்தாய் என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. கைதட்டல் அடங்கியதும் மகேஸ்வரிக்கு எதிரே போய் நின்றாய். "பாப்பா, அன்னிக்கு அத்தினி பேரு முன்னால தப்பாச் சொல்லிட்டேன். அதான் இப்பவும் அல்லாரு முன்னாலயும் சொல்றேன். காசும் நல்லது, நீயும் நல்ல புள்ள. மன்னிச்சுக்க" என்றாய். அந்தக் காசை அவளிடம் போலி என்று சொன்னவர்கள் இரண்டு பேர். மன்னிப்புக் கேட்டவன் நீ ஒருவன்தான். நான் டஸ்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உன் கடை வாசலில் அட்டை தொங்கியது: 'இங்கு பத்து ரூபாய் காசு வாங்கப்படும்'. பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் உண்டியலை உடைத்து எடுத்துவந்து உன் தலையில் கட்டினார்கள். பால் பூத்தில் அதை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, அங்கேயும் அடர்த்தி பாடம் எடுத்தாயாமே. செல்வி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போதும் சொல்கிறார், பாதியில் நிறுத்திவிடுகிறார்.

காசைக் கழுவிக் குமிழி இல்லாமல் அளக்கிற உன் யோசனை என் பெயரிலேயே போனது. அப்புறம் மாவட்ட அறிவியல் கண்காட்சி, சான்றிதழ், பேப்பரில் என் போட்டோ. அந்தப் பேப்பரை வெட்டிக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினவன் நீ. டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மாப்ள கண்டுபுடிச்சது" என்று காட்டுவாய். நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் டீ குடிக்கப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் தாங்கமுடியாமல் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "டீக்கடக்காரன் சொல்லித்தான் சாருக்கே தெரிஞ்சுதுன்னா நாளைக்குப் புள்ளைங்க உன்ன மதிக்குமா? வுடு மாப்ள" என்றாய். நானும் விட்டேன். விட்டது உனக்கு மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான மரியாதை பார்.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு நாளும் இதைச் சொல்லத்தான் நினைத்தேன். நீ பால் வந்ததா, கேஸ் சிலிண்டர் மாற்றியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நாளைக்குச் சொல்லலாம், சாருக்குத்தான் நாளை நிறைய இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். உனக்கு இல்லாமல் போய்விட்டது.

போன வியாழக்கிழமை மகேஸ்வரி வந்தாள். காலேஜில் இயற்பியல்தான் எடுத்துப் படிக்கிறாள், கடைசி வருஷம். சனிக்கிழமை பயிற்சிக்கு உதவியாக இருக்க நான்தான் கூப்பிட்டிருந்தேன். நூலையும் பீக்கரையும் எடுத்து வைத்துக்கொண்டே அவளிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்தக் குமிழிய நான் கண்டுபிடிக்கலம்மா."

"தெரியும் சார்" என்றாள், கையிலிருந்த பீக்கரைத் துடைத்துக்கொண்டே. "டீக்கட அண்ணா உங்க காதுல சொன்னாரு. நான் பக்கத்துலதான நின்னேன். காதுல விழுந்துச்சு."

"அப்ப இத்தனை வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன். ஒரு பெண் பதினாலு வயசிலிருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள், நான் அவளுக்கு நல்லாசிரியர் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனபிறகு ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன் மச்சான். மல்லிகாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

இன்று காலையில் தலைமை ஆசிரியையிடம் போய் அந்தத் தாளைத் திருத்தச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. சனிக்கிழமை எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால், மகேஸ்வரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். நீ கேட்டமாதிரியே, எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்பேன். அப்புறம் சொல்வேன்: "இந்தப் பெண்ணின் காசைப் போலி என்று பலகையில் எழுதியவன் நான். இல்லை என்று கண்டுபிடித்தவர் என் மச்சான் தேவராஜ். டீக்கடை வைத்திருந்தார்." பிள்ளைகள் என்னை மதிப்பார்களா என்பதை இனி அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நீ சார் என்று ஊருக்குக் காட்டிய,
உன் தங்கை புருஷன்,
மாப்ள குமரேசன்